கஸாலாவின் தண்ணி டூட்டி

"ரேடியேட்டரே இல்லாத வண்டிய எப்புடிக் குளுத்துனீகன்னு உனக்கு எதுக்கு புள்ள? வந்தது சோறாக்க. போய் வெங்காயத்த உரி. ஊர்ல மாப்பிள்ளைக்கு ஒரு பஞ்சர் ஒட்டத் தெரியாது, இவளுக்கு ரேஸ் காரு கதை வேணுமாம்!"

யார் கேட்டாலும் முதலில் இப்படித்தான் திட்டுவேன். திட்டிவிட்டுச் சொல்லியும் விடுவேன். சொல்லாமல் வைத்திருந்தால் எனக்குத்தான் வயிறு உப்பும். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் டீச்சர் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தேன். பின்னால் தண்ணீர்தான் இவளுக்கு உத்தியோகம் என்று அந்த டீச்சருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்கு வருகிற பெண்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன். சமையல் எல்லாரும் சொல்லித் தருவார்கள். இதை நான் மட்டும்தான் சொல்லித் தர முடியும்.

மூக்கில்லாத வண்டி

ராஸ் அல் கைமாவில் கல்ஃபான் பாபா வீட்டில் நான் சமையல். பாபா என்றால் முதலாளி. அவர் மனைவியை மேடம் என்போம். ஒரு கோடையில் பாபா அமெரிக்காவிலிருந்து ஒரு பழைய பந்தயக் காரை வரவழைத்தார். நேர் ரோட்டில் இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, யார் முதலில் அந்தக் கோடிக்குப் போகிறார்கள் என்று பார்க்கிற பந்தயம். வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது. ஆம்பளைகள் வீட்டுக்குள் போடுகிற சண்டையை வெளியே ரோட்டில் போடுகிறார்கள், அவ்வளவுதான்.

ட்ரெய்லரிலிருந்து அதை இறக்கியபோது நான் அடுப்பங்கரை வாசலில் நின்று பார்த்தேன். நெய்மீனைத் தின்றுவிட்டுத் தட்டில் ஒதுக்கிய நடுமுள் மாதிரி இருந்தது. நீளமாக இரண்டு குழாய். முன்னால் சைக்கிள் சக்கரம் போல இரண்டு, பின்னால் ஆட்டுக்கல் போலத் தடித்த இரண்டு. நடுவில் மூடாக்கு இல்லாமல் ஓர் எஞ்சின். பாபா அதற்குக் கஸாலா என்று பெயர் வைத்தார். மான் என்று அர்த்தம். மேடத்துக்கு அவர் அப்படி ஒரு செல்லப் பெயர் வைத்து நான் கேட்டதில்லை. மேடமும் கேட்டதில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

வண்டியைப் பார்த்துக்கொள்ள செல்லத்துரை என்ற மெக்கானிக் முவைலாவிலிருந்து வருவார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். முதல் நாள் அவருக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"ஏந்தம்பி, இதுக்கு மூக்கு எங்கப்பா? எல்லா வண்டிக்கும் முன்னால சல்லடை மாதிரி ஒண்ணு இருக்குமே."

"ரேடியேட்டரக் கேக்கியளா ஆச்சி? இதுக்கு அது கெடையாது. ஃபேன் கெடையாது. தண்ணி பம்பும் கெடையாது. அம்புட்டும் கனம்லா? கனம் இருந்தா வேகம் கொறையும். கழட்டி எறிஞ்சிட்டான்."

"அப்ப சூடு ஏறிப் பொசுங்கிராதா?"

"பொசுங்குறதுக்குள்ள ஓடி முடிச்சிரும். நீங்க பிஸ்மி சொல்லி வாய மூடுறதுக்குள்ள அந்தக் கோடியில நிக்கும்."

அப்புறம் அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். எஞ்சின் பிளாக் என்பது பெரிய இரும்புக் கட்டி. அதற்குள் தண்ணீர் நிற்க இடம் விட்டு வார்த்திருப்பார்கள். சாதாரண வண்டியில் அந்தத் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய்ச் சூடு ஆறித் திரும்பி வந்துகொண்டே இருக்கும். கஸாலாவில் தண்ணீர் எங்கேயும் போகாது. ஓடுவதற்கு முன் விளிம்பு வரை ஊற்றி மூட வேண்டும். அந்த ஓர் ஓட்டத்தின் சூட்டை அது நின்ற இடத்திலேயே குடித்துக்கொள்ளும். ஓட்டம் முடிந்ததும் எஞ்சினை அமர்த்தி, பிக்கப்பில் கட்டி இழுத்து வந்து, ஆறவிட்டு, பழைய தண்ணீரைத் திறந்துவிட்டுப் புதுசு ஊற்ற வேண்டும். காய்ச்சிய பால் சட்டியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி வைப்போமே, அதே வேலைதான். தொட்டி மட்டும் சட்டிக்கு உள்ளே இருக்கிறது.

இதற்கு ஊற்றுகிற பெட்ரோலும் பெட்ரோல் இல்லை. மெத்தனால் என்கிறார்கள். அது ஆவியாகும்போதே கொஞ்சம் குளிர்த்தும். ஒருமுறை எஞ்சினை ஓடவிட்டு அமர்த்தியதும், மேலே அந்த மெத்தனால் உள்ளே போகிற குழாய்களைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே அவ்வளவு நெருப்பு, வெளியே குழாய் வேர்த்து ஜில்லென்று இருந்தது. விருந்தாளி வந்திருக்கும்போது மேடம் சிரிக்கிற மாதிரி.

செல்லத்துரை இரண்டு சட்டம் போட்டார். சூடான பிளாக்கில் ஐஸ் தண்ணீர் ஊற்றக் கூடாது, இரும்பு வெடித்துவிடும். இன்னொன்று, இதுதான் பெரிது:

"ஸ்டார்ட் பண்ணியாச்சுன்னா ஓடணும். இல்லன்னா அமத்தணும். ஓடவிட்டுக்கிட்டே நின்னு ஊர்க்கதை பேசக்கூடாது. நிக்க நிக்கக் கொதிக்கும்."

பாபா தலையை ஆட்டினார். ஆட்டியது தலை மட்டும்தான்.

வெந்நீர்க் குழாயில் பச்சைத் தண்ணீர்

தண்ணி டூட்டி எனக்கு வந்ததற்குக் காரணம் ஒன்றுமில்லை. வீட்டில் வாளி என் கையில்தான் இருந்தது.

புதிதாக வருகிறவளே, கேட்டுக்கொள். இங்கே கோடையில் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் மொட்டைமாடித் தொட்டியில் வெந்த தண்ணீர் வரும். கோழி உரிக்கலாம். அதனால் குளியலறை ஹீட்டரை அமர்த்திவிட்டு, வெந்நீர்க் குழாயைத் திறக்க வேண்டும். ஹீட்டர் வீட்டுக்குள் ஏசியில் இருக்கிறதல்லவா, அதற்குள் கிடக்கிற தண்ணீர் பதமாக ஆறியிருக்கும். இங்கே எல்லா வீட்டிலும் இதுதான் நடைமுறை. கஸாலாவுக்கும் அங்கிருந்துதான் பிடித்தேன். ஐஸும் இல்லை, கொதியும் இல்லை. செல்லத்துரை கையை விட்டுப் பார்த்து, "பதம் ஆச்சி" என்பார். நான் வைத்த ரசத்தை ஒருத்தரும் அப்படிப் புகழ்ந்தது கிடையாது.

பாபா எல்லாருக்கும் ஆரஞ்சு நிறத்தில் சட்டை தைத்தார். எனக்கும் ஒன்று. முதுகில் இங்கிலீஷில் 'க்ரூ' என்று எழுதியிருந்தது, வண்டிக் குழு என்று அர்த்தமாம். புர்காவுக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். கேஸ் சிலிண்டர் போடுகிறவன் மாதிரி இருந்தேன். இருந்தாலும் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினேன். பேரன், "உம்மும்மா, நீங்க ரேஸா ஓட்டுறீங்க?" என்று கேட்டான். இல்லை என்று நான் சொல்லவில்லை.

மேடத்துக்கு மட்டும் வயிற்றெரிச்சல். வண்டி நிற்கிற ஷெட்டுக்குப் பாபா ஏசி போட்டார். மேடத்தின் தையல் அறை ஏசி கெட்டுக் கிடந்தது. பாபா தன் தலைத்துண்டாலேயே கஸாலாவைத் துடைப்பார். பிறகு அந்தத் துண்டைத் துவைக்கச் சொல்லி மேடத்திடம் கொடுப்பார். மேடம் என்னிடம் கொடுப்பார். கொடுக்கும்போது அரைகுறை இந்தியில், "ஆமினா, இந்த மானை ஒருநாள் பிரியாணி போட முடியுமா?" என்று கேட்பார். நான், "எலும்புதான் இருக்கு மேடம், சூப்பு வைக்கலாம்" என்பேன். அந்த வீட்டில் மேடம் சிரித்தது அந்த மாதிரி நேரத்தில்தான்.

மலர் வந்தாள்

அப்புறம் மலர் வந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண். வீடு கூட்டித் துடைக்கத்தான் எடுத்தார்கள். பன்னிரண்டாவது படித்தவள், இங்கிலீஷ் வாசிப்பாள். செல்லத்துரையிடம் சூடு பார்க்கிற துப்பாக்கி ஒன்று உண்டு. எஞ்சினுக்கு நேரே பிடித்தால் எண் காட்டும். எனக்கு அது தொலைக்காட்சி ரிமோட் மாதிரி. மலர் ஒரே பார்வையில் எண்ணைப் படித்து, "இன்னும் கொஞ்சம் ஆறட்டும் அண்ணை, இப்ப ஊத்தினா கூடாது" என்றாள்.

அதோடு போயிற்று என் டூட்டி.

"அம்மா, நீங்கள் வயசுக்கு வாளி தூக்கிக் கஷ்டப்பட வேணாம். நான் பாக்கிறன். நீங்கள் இருங்கோ" என்றாள். இருங்கோ என்றால் உட்காருங்கள் என்று அர்த்தமாம். எனக்கு அது போய்த் தொலை என்றுதான் கேட்டது. ஆரஞ்சு சட்டையையும் பாபா அவளுக்குக் கொடுக்கச் சொன்னார். நானே துவைத்து, நானே அயர்ன் பண்ணி, நானே கொடுத்தேன். அவளுக்கு அது அளவாக இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

இதற்கு நடுவில் ஒரு பேச்சு வந்தது. பாபாவின் மகள் வெகு தூரத்தில் ருவைஸில் இருக்கிறாள். மருமகனுக்கு அங்கே ரிஃபைனரியில் வேலை. மூன்று சின்னப் பிள்ளைகள். ஆள் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். மேடம் எங்கள் இருவரையும் நிற்க வைத்துச் சொன்னார்: பந்தயம் முடியட்டும், பிறகு உங்களில் ஒருத்தி ருவைஸ் போக வேண்டும்.

நான் கணக்குப் போட்டேன். தண்ணி டூட்டி யார் கையில் இருக்கிறதோ அவளைப் பாபா விடமாட்டார். மற்றவள் ருவைஸ். எனக்கு என் அடுப்பங்கரையை விட்டுப் போக மனமில்லை. அந்த மசாலா டப்பாக்களை நான் அடுக்கிய வரிசையில் இன்னொருத்தி கை வைப்பதை நினைத்தாலே நெஞ்சு காந்தியது. அதனால் மலர் வாளியோடு ஷெட்டுக்குப் போகும் போதெல்லாம் நான் ஜன்னலில் நின்றேன். வழுக்கி விழ வேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை. வாளி மட்டும் கொட்டினால் போதும் என்று நினைத்தேன்.

கண் பட்டது

வெள்ளோட்டத்தில் கஸாலா கொதித்தது.

பாபாவுக்கு ஹமத் என்று சித்தப்பா மகன் ஒருவர். அவரும் இதே மாதிரி ரேடியேட்டர் இல்லாத பழைய வண்டி ஒன்று வைத்திருந்தார். ஒரே தாத்தா வீட்டில் வளர்ந்தவர்கள். ஒருத்தர் ஒட்டகம் வாங்கினால் மற்றவர் இரண்டு வாங்குவார். வெள்ளோட்டத்தன்று ஹமத் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். அவருக்குச் சத்தம் கேட்க வேண்டும் என்று பாபா எஞ்சினைப் போட்டுவிட்டு, ஓடாமல், நின்றபடி உறுமிக்கொண்டே இருந்தார். கெட்டில் மாதிரி ஆவி கிளம்பியது. செல்லத்துரை ஓடிப்போய் அமர்த்தினார்.

"நான்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேம்லா! நின்னா கொதிக்கும்!"

பாபா கேட்கவில்லை. ஒரே வார்த்தை சொன்னார்: "ஹசத்."

ஹசத் என்றால் பொறாமை, பொறாமைக் கண். நம் ஊரில் மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுவோம். இங்கே வேறு. யார் கண் பட்டதென்று சந்தேகமோ, அவர் குடித்து வைத்த மிச்சத்தைத் தெரியாமல் எடுத்து, கண் பட்டவர்மேல் தெளிப்பார்கள். "உன் கண்தான் பட்டது" என்று முகத்துக்கு நேரே சொல்லி யாரையும் அவமானப்படுத்த வேண்டாம் பாருங்கள். மனுஷனுக்கென்றால் மேலே தெளிக்கலாம். கஸாலாவுக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு வாய் இருக்கிறதே!

பந்தயத்துக்கு முந்தின நாள் பாபா ஹமத்தையும் கூட்டாளிகளையும் கஹ்வாவுக்குக் கூப்பிட்டார். அவர்கள் குடித்து வைக்கிற காப்பி மிச்சத்தை ஒரு பாட்டிலில் பிடித்து வைக்கச் சொன்னது என்னிடம்.

கஹ்வா ஊற்றுவதற்கு முறை உண்டு. கைப்பிடியில்லாத குட்டிக் கப்பில் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். குடித்தவர் கப்பை இப்படியும் அப்படியும் ஆட்டினால் போதும் என்று அர்த்தம். ஆட்டும்வரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வாயால் போதும் என்று சொல்லமாட்டார்கள்.

கிளம்பும்போது இன்னொரு கூத்து. வாசற்படியில் பாபாவும் ஹமத்தும் நின்றார்கள். "தஃபள்ளல்" என்றார் பாபா. நீங்கள் முதலில் போங்கள் என்று அர்த்தம். "லா, இந்த்த தஃபள்ளல்" என்றார் ஹமத். இல்லை, நீங்கள் முதலில். முதலில் போகிறவன் மரியாதை தெரியாதவன். அதனால் இரண்டு பேரும் கையை நீட்டியபடி நிற்கிறார்கள். மற்றவர்கள் பின்னால் வரிசையாக நிற்கிறார்கள். ஏசிக் காற்றெல்லாம் வெளியே போகிறது. மேடம் உள்ளேயிருந்து ஏதோ கத்தினார். கடைசியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நுழைந்து தோளில் இடித்துக்கொண்டு வெளியே போனார்கள்.

நான் அடுப்பங்கரையில் கப்புகளின் மிச்சத்தைப் பாட்டிலில் வடித்துக்கொண்டிருந்தேன். மலர் கப்புகளைக் கழுவினாள். அப்போது மேடம் வந்தார். கையில் அவர் குடித்த கண்ணாடி டம்ளர். பால் இல்லாத சுலைமானி டீ, அடியில் ஒரு வாய் மிச்சம். வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அதை என் பக்கம் நகர்த்தினார்.

"இதையும் ஊத்து" என்றார். "யாருக்கும் சொல்லாதே."

சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார். ஹமத்தின் கண்ணைவிட இந்தக் கண்தான் பெரிது என்று எனக்கு எப்போதோ தெரியும். அவரே கொண்டுவந்து கொடுப்பார் என்று தெரியாது. மறு பேச்சில்லாமல் ஊற்றினேன். மூடியைத் திருகப் போனேன்.

"அம்மா" என்றாள் மலர், கப்பைத் துடைத்தபடி. "உங்கட கப்பை மறந்திட்டியள்."

என் டீ மேடைமேல் இருந்தது. பால் குறுகக் காய்ச்சி, ஏலக்காய் இடித்துப் போட்டு, சுக்கும் தட்டிப் போட்டது. பாதி குடித்திருந்தேன்.

"எனக்கென்னத்துக்குடி பொறாம? நான் என்ன ரேஸா ஓட்டுறேன்?"

"பொறாமை இல்லாட்டி ஊத்தினா என்ன? ஒண்டும் ஆகாதுதானே."

"அதுக்கு எதுக்கு வீணா..."

"பயமோ அம்மா?"

பாருங்கள் அவளை. ஊற்றினால் பொறாமைக்காரி, ஊற்றாவிட்டால் பயந்த பொறாமைக்காரி. அரைக் கப்பு டீயையும் மடமடவென்று பாட்டிலில் கவிழ்த்தேன்.

"போதுமா? இப்ப உன்னோடத ஊத்துடி."

"நான் பச்சைத் தண்ணிதான் குடிக்கிறனான்" என்றாள். தன் டம்ளரில் கிடந்த தண்ணீரையும் ஊற்றினாள். சிரிக்கவே இல்லை. அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காது. நான் ஜோக்கு சொன்னால் நானே முதலில் சிரித்துவிடுவேன்.

தஃபள்ளல்

மறுநாள் சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு பந்தயம். மேடம் முதல் தடவையாக வருகிறேன் என்றார். பாபா நம்பாமல் இரண்டு தடவை கேட்டார். நான் மேடத்துக்குக் கஹ்வா ஃபிளாஸ்க்கும் பேரீச்சம்பழமும் தூக்கிக்கொண்டு கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். மலர் ஆரஞ்சு சட்டையோடு அந்தப் பக்கம் நின்றாள். செல்லத்துரை டயருக்குக் கீழே குனிந்திருந்த நேரம், பாபா கண்ணைக் காட்ட, பாட்டிலைக் கஸாலாவின் வாயில் கவிழ்த்து மூடினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

இரண்டு வண்டியும் கோட்டுக்கு வந்தன. இந்தப் பந்தயத்தில் ஆளுக்கொரு விளக்கு. கோட்டைத் தொட்டு நின்றால் அவரவர் விளக்கு எரியும். இரண்டும் எரிந்த பிறகுதான் பச்சை விழும். அதுவரை யாரும் கிளம்ப முடியாது.

பாபா கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினார். ஹமத்தும் அதே மாதிரி நிறுத்தினார். பாபா ஹமத்தைப் பார்த்து, கையுறை போட்ட கையை நீட்டினார்.

நான் தலையில் கை வைத்தேன். வாசற்படிக் கூத்து இங்கேயும் வந்துவிட்டது.

ஹமத் தலையை ஆட்டிவிட்டுத் தன் கையை நீட்டினார். பாபா நெஞ்சில் கை வைத்துக் குனிந்து மறுபடி நீட்டினார். இரண்டு எஞ்சினும் காது கிழிய உறுமுகின்றன. இரண்டுக்கும் ரேடியேட்டர் கிடையாது. யார் எஞ்சின் முதலில் கொதிக்கிறது என்று பார்ப்பதற்காகவே சில பேர் வேண்டுமென்று இப்படி நிற்பார்கள் என்று செல்லத்துரை பிறகு சொன்னார். இவர்கள் வேண்டுமென்று நின்றார்களா, மரியாதைக்கு நின்றார்களா என்று இவர்களுக்கே தெரிந்திருக்காது. மரியாதைக்குள் பொறாமையை வைத்து மூடியிருந்தார்கள், நான் பாட்டிலுக்கு மூடி போட்டது போல.

செல்லத்துரை வேலியோரம் நின்று இரண்டு கையையும் வீசினார். "அமத்துங்க! இல்ல போங்க! ரெண்டுல ஒண்ணு!" பாபா பார்க்கவில்லை. மலர் துப்பாக்கியை நீட்டி எண்ணைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது. கஸாலாவின் பக்கவாட்டுக் குழாயிலிருந்து ஆவி கிளம்பியது. காற்று என் பக்கம் அடித்தது. மெத்தனால் நெடிக்குள்ளே இன்னொரு வாசம் வந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த வாசம்.

"ஆமினா, கொதிக்கிறதா?" என்றார் மேடம்.

"கொதிக்குது மேடம். இப்படியே நின்னா வண்டி அவ்வளவுதான்."

மேடம் விரும்பியது அதுதானே? எஞ்சின் உடைந்தால் கஸாலா போகும், ஏசி வரும், புருஷன் வீட்டுக்குள் வருவார். சும்மா நின்றிருந்தால் போதும். அவர் சும்மா நிற்கவில்லை. வேலி வரைக்கும் போனார். கையிலிருந்த கஹ்வா கப்பை, குடித்தும் குடிக்காமலும், தலைக்கு மேல் தூக்கினார். இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

அந்தச் சத்தத்தில் எந்த வார்த்தையும் கேட்டிருக்காது. கப்பு ஆடியது மட்டும் பாபாவுக்குத் தெரிந்தது. மெக்கானிக்கைப் பார்க்காதவர், மனைவி முதல் தடவை வந்திருக்கிறாள் என்பதால் அந்தப் பக்கமே ஓரக்கண் வைத்திருந்தார். போதும் என்று அர்த்தம். கஹ்வா ஊற்றுகிறவன் அதற்கு மேல் ஊற்றக் கூடாது. பாபா நீட்டிய கையை இழுத்துக்கொண்டு முதலில் கோட்டுக்குப் போனார். அவர் விளக்கு எரிந்தது. கூட்டத்தில் பெரியவர்கள் சிலர் உச்சுக் கொட்டினார்கள். முதலில் நுழைந்துவிட்டாரே!

ஹமத் சிரித்துக்கொண்டு மெதுவாக வந்தார். விளக்கு எரிந்தது. பச்சை விழுந்தது. கஸாலா குதித்து ஓடியது. ஹமத்தின் வண்டி நின்ற இடத்திலேயே வெள்ளை மேகமாகப் போய்விட்டது. அந்த மரியாதையில் அதுவும்தானே வெந்துகொண்டிருந்தது! பாதி தூரத்தில் பாபா எஞ்சினை அமர்த்திவிட்டார். மீதி தூரம் கஸாலா சத்தமில்லாமல் உருண்டு போய்க் கோட்டைத் தாண்டியது. நடந்து ஜெயித்த மாதிரி.

நுரை

இழுத்து வந்து ஆறவிட்டு, செல்லத்துரை துணியைச் சுற்றி மூடியைத் திறந்தார். புஸ்ஸென்று பழுப்பு நிற நுரை பொங்கி, பக்கத்தில் நின்ற மலரின் ஆரஞ்சு சட்டைமேல் வழிந்தது.

"இது என்ன எளவுவே! எஞ்சினுக்குள்ள எவம்யா டீக்கடை வச்சது?"

ஏலக்காயும் சுக்கும் மணந்தது. ஹமத்கூட வந்து மோந்து பார்த்தார். மலர் சட்டையைத் தூக்கி மூக்கில் வைத்துவிட்டு, வெகு அடக்கமாகச் சொன்னாள்:

"அம்மாவின்ர தேத்தண்ணி."

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் அப்படி டீ குடிப்பது நான் ஒருத்திதான். மிச்சம் ஊற்றியவர்களுக்கெல்லாம் பொறாமை இருந்தது. காப்பிக்காரர்களுடையதும் மேடத்தின் சுலைமானியும் தண்ணீரோடு தண்ணீராகக் கலந்து காணாமல் போய்விட்டன. பால் ஊற்றியவள் நான். என்னுடையது மட்டும் ஊரறிய நுரைத்தது.

பாபா விரலை ஆட்டி, "ஆமினா! ஹசத், ஹா?" என்றார். கோபமா விளையாட்டா என்று தெரியவில்லை. நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் கண்ணால், வேண்டாம் என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆறிய எஞ்சினுக்குப் பதிலாக அந்த வீடு கொதித்திருக்கும்.

செல்லத்துரை பிளாக்கை மூன்று தடவை அலசினார். வெடிப்பு எதுவும் இல்லை. போகும்போது என்னிடம் மெதுவாக, "ஆச்சி, டீ கொதிக்க வைக்கல. நின்னதுதான் கொதிக்க வச்சது. மனசுல வச்சுக்கிடாதிய" என்றார். நான் கற்றுக்கொண்ட தொழில் அதுதான். ரேடியேட்டர் இல்லாததைச் சூடாக்கிவிட்டு நிறுத்தி வைக்கக் கூடாது. ஓட்டிவிட வேண்டும், இல்லை அமர்த்திவிட வேண்டும். வண்டிக்குச் சொல்கிறேன். உன் மாமியாருக்கும் பொருந்தினால் நான் பொறுப்பில்லை.

மறு வாரம் மேடம் முடிவைச் சொன்னார். மலர் அடுப்பங்கரை. ஆமினா ருவைஸ். அப்படியென்றால் தண்ணி டூட்டி? அதை மேடமே பார்த்துக்கொள்வாராம். தனக்கு அளவெடுத்துப் புதிதாக ஆரஞ்சு சட்டை தைக்கக் கொடுத்திருந்தார். பாபா வாயெல்லாம் பல்லாக நின்றார். ரகசியம் தெரிந்தவளைத் தூரத்தில் வைப்பதுதான் நல்லது என்று மேடம் நினைத்திருக்கலாம். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். கிளம்பும்போது மேடம் என் கையைப் பிடித்து ஒரு நிமிஷம் அழுத்தினார். மலர் என் டீத்தூள் டப்பாவைத் தூக்கி வந்து பையில் வைத்தாள். "இஞ்ச ஒருத்தரும் இதைக் குடிக்க மாட்டினம் அம்மா" என்றாள். அதைச் சொல்லும்போதும் அவள் சிரிக்கவில்லை. கண்தான் கொஞ்சம் கலங்கியிருந்தது. தூசாக இருக்கும்.

ருவைஸில் சாயங்காலம் பிள்ளைகளைப் பார்க்கில் விட்டுவிட்டு, அக்கம்பக்கத்து வீடுகளில் வேலை பார்க்கிற நம் பெண்கள் இரண்டு பேர் என்னிடம் டீ குடிக்க வருவார்கள். ஏன் அந்த வீட்டை விட்டு வந்தீர்கள் என்று கேட்டார்கள்.

"நானாத்தான் வந்தேன்" என்றேன். "பாபா கெஞ்சுனாக, போகாத ஆமினான்னு. அந்த வண்டி ஓடுறதே என் டீயிலதான். வேற ஒருத்தி தண்ணிய ஊத்துனா நகராது. மேடத்துக்குக்கூட நான்தான் சொல்லிக் குடுத்துட்டு வந்தேன்."

மலர் அனுப்பிய போட்டோவைக் காட்டினேன். ஆரஞ்சு சட்டையில் மேடம் கஸாலாவுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். வாளி என்னுடைய பழைய வாளி.

"ஒங்களுக்கென்ன, குடுத்து வச்சவுக" என்றாள் ஒருத்தி. மற்றவள் போட்டோவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போன பிறகு கப்புகளை எடுத்துப் பார்த்தேன். இரண்டு பேரும் அடியில் ஒரு வாய் மிச்சம் வைத்திருந்தார்கள். நான் அதைக் கொட்டவில்லை.